வற்றிய தொட்டியில் மூழ்கியவர்

செவ்வாய்க்கிழமை காலை, வெயில் ஏறுமுன், ஸெய்னுதீன் முதலாளியின் மழைத்தண்ணீர்த் தொட்டியில் தொங்கிய ஆமைப்பூட்டை உடைத்தார்கள். உள்ளே தண்ணீர் இல்லை. ஸெய்னுதீன் முதலாளி இருந்தார்.

ஈர வண்டலில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். பூட்டின் ஒரே திறப்பு, அந்தச் சாவி, அவருடைய இடுப்புப் பட்டியில் பத்திரமாக இருந்தது. உடலைத் தூக்கியபோது, அவர் வழக்கமாகத் தண்ணீரின் ஆழம் பார்க்கும் மூங்கில் தடியும் அடியிலிருந்து வந்தது. திறப்போடு உள்ளே கிடந்த மனிதரை வெளியே நின்று பூட்டியது யார் என்று பொலிஸ் கேட்குமுன்பே இறக்கக்கண்டி ஊர் தன் பதிலைச் சொல்லிவிட்டது. தொட்டி ஜின். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எழுபத்தாறாம் ஆண்டு, செப்டெம்பர். மாசியில் விழுந்த தூறலுக்குப் பிறகு மழை அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்னும் உப்பங்கழி, நடுவில் எங்கே தோண்டினாலும் உவர்த்தண்ணீர். நல்ல தண்ணீர் இருந்தது ஸெய்னுதீனிடம் மட்டும்தான். ஓட்டுக்கூரை, கூரையைச் சுற்றித் தகரப் பீலி, பீலி முடியும் இடத்தில் ஒன்றரை ஆள் உயரச் சீமெந்துத் தொட்டி. மாரி காலத்தில் ஓட்டில் விழும் மழையெல்லாம் அதற்குள் இறங்கும். அடியில் ஒரு பைப். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மூடி, மூடிக்குப் பூட்டு. எச்சில் கையால் காகம் ஓட்டாதவர் என்று அவருக்குப் பெயர். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் தடியால் அளப்பார். ஒரு வாளி கூடக் குறைந்திருந்தால் மனைவி பல்கீஸ் பதில் சொல்ல வேண்டும்.

மூடிக்குச் சற்றுக் கீழே, மேலதிகத் தண்ணீர் வழிந்து போக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்தக் குழாயின் வாயை உரசும்போது தொட்டி முனகும். காய்ச்சல்காரன் போர்வைக்குள் கிடந்து முனகுவது போலவே இருக்கும். உள்ளே ஒரு ஜின்னைக் காவல் வைத்திருப்பதாக ஸெய்னுதீனே பரப்பிவிட்டார். சம்பளம் கேட்காத காவல்காரன். முனகல் எழும்பினால் அந்த ஒழுங்கைத் தெருவில் யன்னல்கள் சாத்தப்படும். உள்ளே பெண்கள் ஓதத் தொடங்குவார்கள்.

புதன்கிழமை நகரத்து ஆஸ்பத்திரி டொக்டர் தொலைபேசியில் சொன்னது ஜின்னுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. தொடை எலும்பு முறிந்திருக்கிறது, தலையில் காயம், ஆனால் ஆள் செத்தது அதனால் அல்ல.

"மூழ்கிச் செத்திருக்கிறார். சுவாசப்பை நிறையத் தண்ணி. ஞாயிற்றுக்கிழமை செத்திருக்க வேணும்."

"கடலிலா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் குணரத்தினம்.

"கடல் மண் ஒரு பொட்டும் இல்லை. மற்றதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்."

குணரத்தினம் ஐம்பதை நெருங்கியவர். தேத்தண்ணி உள்ளே போகாவிட்டால் அவருக்கு மூளை ஓடாது. நாக்கோ பொல்லாத நாக்கு. உவர்த்தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைக் கண்டால் கைதியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அன்று மத்தியானம் ஜீப்பில் இறக்கக்கண்டிக்கு வந்து இறங்கியபோது, தனக்கு வேலை மிச்சம் இல்லை என்பதைத்தான் முதலில் கேள்விப்பட்டார். சார்ஜன்ட் சிவகுருநாதன் ஏற்கனவே கொலைகாரனைப் பிடித்துக் கூட்டில் போட்டிருந்தார்.

பிடிபட்டவன் அன்ஸார், ஸெய்னுதீனின் மருமகன். கரைவலை இழுக்கிற கூலிக்காரன். ஸெய்னுதீனின் ஒரே மகள் ஸல்ஹா வாப்பாவின் சொல்லை மீறி அவனை நிக்காஹ் செய்தாள். அன்றிலிருந்து அந்தத் தொட்டியின் ஒரு துளிகூட மகள் வீட்டுக்குப் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது அன்ஸார் மாமனாரை மறித்து, இந்தத் தொட்டிக்குள்ளேயே நீங்கள் மௌத்தாகவேண்டும் என்று சபித்ததை ஊரே கேட்டிருந்தது. ஞாயிறு இரவு கிழவரை எங்கேயோ தண்ணீரில் அமுக்கிக் கொன்று, தொட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறான் என்பது சார்ஜன்டின் கட்சி. வியாழன் காலை நீதவானிடம் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

"எங்கேயோ எண்டால் எங்க?" என்றார் குணரத்தினம்.

சார்ஜன்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

குணரத்தினம் முதலில் எதிர்வீட்டுக்குப் போனார். நஜ்முன் நிஸா என்ற விதவை கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உப்பே இல்லை. அந்த வருஷத்தில் அந்தப் பக்கம் குடித்த முதல் நல்ல தேத்தண்ணி அது. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எல்லாம் முதலாளிட தண்ணிதான், சேர்," என்றாள் நஜ்முன் நிஸா. அவள் சொன்ன கதை இது. ஞாயிறு பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு பல்கீஸ் ராத்தா ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: மாரி வரப்போகிறது, தொட்டி கழுவ வேண்டும், மிச்சத் தண்ணீரை ஊருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு மனுஷன் சுண்ணாம்பு வாங்க அஸருக்கே பஸ் ஏறிவிட்டார். யாரும் முதலில் நம்பவில்லை. பிறகு குடங்களோடு ஓடினார்கள். இரவுத் தொழுகையான இஷா வரை பைப் ஓடியது, தொட்டி வற்றும் மட்டும். இரண்டு நாள் கழித்து வழிகுழாயில் ஈ மொய்த்ததைக் கண்டுதான் பூட்டை உடைத்தார்கள்.

"அவர் பஸ் ஏறினதை ஆராவது கண்டதா?"

"அந்த நேரம் ஆர் சேர் வெளிய நிண்ட? தொட்டி முனகத் தொடங்கிட்டுது. நாங்க கதவைச் சாத்திட்டு ஓதிக்கொண்டு இருந்தனாங்க. அண்டைக்கு மாதிரி ஒருநாளும் முனகினதில்ல. மஃரிபுக்குக் கிட்டத்தான் ஓய்ஞ்சது."

பல்கீஸ் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்த நாட்களில் அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டமாட்டாள். வெள்ளைத் திரைக்கு அப்பால் அவள் குரல் இருந்தது, இப்பால் இன்ஸ்பெக்டரின் கதிரை. துணைக்கு வந்த நஜ்முன் நிஸா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு வந்தாள். குணரத்தினம் ஆவலோடு வாங்கி ஒரு வாய் வைத்தார். உவர். முகத்தைச் சுளித்துவிட்டு, விருந்தாளிக்கு அழகில்லையே என்று அதை மாற்றிக்கொண்டார். நஜ்முன் நிஸாவுக்குத்தான் வெட்கமாகிவிட்டது. தன் வீட்டிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எத்தனை தரம் கேட்டும் ராத்தா வேண்டாம் என்றுவிட்டாள் என்று முணுமுணுத்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்த பதில்கள் சுருக்கமானவை. ஓம், அஸருக்குப் போனார். ஓம், பூட்டு எப்பவும் பூட்டித்தான் இருக்கும். இல்லை, அன்ஸார் அன்று இந்தப் பக்கம் வரவில்லை. அந்தக் கடைசிப் பதில் மட்டும் கேள்வி முடியுமுன்பே வந்தது.

அப்போது வெளியே காற்று எழும்பியது. தொட்டி மெல்ல முனகத் தொடங்கியது. திரையும் ஆடியது. குரல் பாதி வார்த்தையில் நின்றது. காற்று விழுந்து, முனகல் அடங்கி, திரை அசைவில்லாமல் தொங்கிய பிறகுதான் அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். இருபது வருஷம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இப்போது என்ன புதிதாக என்று குணரத்தினம் நினைத்தார். நினைத்தபோது கையில் மயிர் கூச்செறிந்தது. பட்டப்பகல் அது.

ஸல்ஹாவின் ஓலைவீடு களப்புப் பக்கம் இருந்தது. அவள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு மாதக் குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணைத் திறந்து திறந்து மூடியது. தாய்ப்பால் வற்றிவிட்டதால் புட்டிப்பால்தான். கிணற்று உவரில் கரைத்த பால்மா. முதல் குழந்தை போன வருஷக் கோடையில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது. இந்தத் தண்ணீரைக் கொடுக்காதே என்று டொக்டர் சொன்னார். வேறு தண்ணீருக்கு அவரும் வழி சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அன்ஸார் மாமனாரிடம் கேட்டது ஒரு நாளைக்கு ஒரு செம்பு. அது மறுக்கப்பட்ட பிறகுதான் அந்தச் சாபம்.

"ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே தண்ணி குடுத்தவையாம். உங்களுக்கு?"

"குடத்தோட வெளிக்கிட்டனான். உம்மா ஆள் அனுப்பிட்டா, நீ வரவேணாம் எண்டு." ஸல்ஹா புட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "வாப்பா மாதிரியே உம்மாவும் கல்லாகிட்டா எண்டு நினைச்சன். என்ர மனுஷனை நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டுபோனா எனக்கும் இதுக்கும் ஆரு சேர்?"

குணரத்தினத்துக்குப் பாவமாக இருந்தது. அதை மறைக்க வழக்கம்போலச் சிடுசிடுத்துவிட்டு எழும்பிவந்தார்.

கடற்கரையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அபூதாஹிர் கோபத்தில் இருந்தார். அவருடைய நல்ல இழுவைக்காரனைப் பிடித்துக்கொண்டு போனால் கோபம் வராதா? ஞாயிறு மத்தியான லுஹரிலிருந்து மஃரிப் பாங்கு வரை அன்ஸார் வலைக் கயிற்றில்தான் நின்றான், கூட நின்ற அத்தனை பேரும் சாட்சி என்றார். இரவில் நடந்திருக்கலாம் என்று சார்ஜன்ட் குறுக்கிட்டார். அபூதாஹிர் அவரைப் பொருட்படுத்தாமல் தன் குறையைத் தொடர்ந்தார்: அன்றைய புழுக்கத்தில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், விடிந்ததிலிருந்து ஒரு ஓலை ஆடவில்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, காற்று வந்தது பொழுதுபட்டபிறகுதான்.

குணரத்தினம் அவரிடம் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். அதுவும் நல்ல தண்ணீர்தான்.

திரும்பி வந்து, தொட்டிக்கு எதிரே வேலியோரம் கதிரை போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒன்றும் செய்யவில்லை. காற்று வந்தது, தொட்டி முனகியது. காற்று நின்றது, தொட்டி வாயை மூடிக்கொண்டது. மறுபடி வந்தது, மறுபடி முனகியது. காற்றில்லாமல் அது ஒரு முறைகூட மூச்சுவிடவில்லை. நஜ்முன் நிஸா இன்னொரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். அவர் அதை உதடு வரை கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது.

கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"என்ன சேர், வெயிலோ?" என்று ஓடிவந்தார் சார்ஜன்ட்.

"இல்லை," என்று வாயைத் துடைத்தார் குணரத்தினம். "வாரும், உள்ள போவம்."

திரைக்கு முன்னால் மறுபடி கதிரை. நஜ்முன் நிஸா சுவரோரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் இந்தமுறை கேள்வி கேட்கவில்லை, சொல்லிக்கொண்டே போனார்.

"அம்மா, உங்கட புருஷனுக்குக் கீழ அளவுத்தடி கிடந்தது. வற்றின தொட்டியை ஆரும் அளக்கிறேல்ல. அவர் விழேக்க உள்ள தண்ணி இருந்திருக்கு. அதாலதான் மூழ்கினவர். அப்ப, நீங்கள் மஃரிபுக்குப் பிறகு பைப்பைத் திறக்கேக்க அவர் பஸ்ஸில இல்ல. உள்ள கிடந்தவர். அன்ஸார் அந்த நேரம் வரைக்கும் கடற்கரையில கயிறு இழுத்துக்கொண்டு நிண்டவன்."

திரை அசையவில்லை.

"அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில தொட்டி முனகினது எண்டு இந்த ஒழுங்கையே சொல்லுது. ஆனால் அண்டைக்குக் காத்தில்ல. ஒரு ஓலை ஆடேல்ல. காத்தில்லாமல் இந்தத் தொட்டி முனகாது. அது தொட்டியில்ல அம்மா. கால் முறிஞ்ச மனுஷன் சோர்ந்து தண்ணிக்குள்ள சரியிற வரைக்கும் உள்ள நிண்டு கத்தினது. அந்தக் குழாயால வந்தது அவரின்ர குரல்."

நஜ்முன் நிஸாவின் வாய் எதையோ ஓதத் திறந்து, ஓதாமலே நின்றது. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒழுங்கை முழுக்கக் கதவைச் சாத்தியிருக்கிறது.

சார்ஜன்டுக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த வீட்டுக்காரி தெரியாமல் பைப்பைத் திறந்திருக்கலாமே, தள்ளியது வேறு யாராகவும் இருக்கலாமே என்றார்.

"தெரியாதவ எண்டால் தனக்கு ஒரு குடம் வைச்சிருப்பா," என்றார் குணரத்தினம். "இண்டைக்கு நான் நாலு இடத்தில உட்கார்ந்தனான். எதிர்வீட்டில நல்ல தண்ணி. சம்மாட்டியிட்ட நல்ல தண்ணி. உவர் இருந்தது ரெண்டு வீட்டில. தொட்டிக்குச் சொந்தக்காரியின்ர குசினியில, அவட ஒரே மகளின்ர அடுப்பில. இந்தக் கோடையில ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தவ, தன்ர பேரப்பிள்ளைக்கு ஒரு செம்பு வேண்டாம் எண்டு ஆள் அனுப்பித் தடுத்திருக்கிறா. அது கல்நெஞ்சு இல்ல. தண்ணிக்குள்ள என்ன கிடக்குது எண்டு அவவுக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு திரைக்குப் பின்னால் குரல் வந்தது. முன்பு கேட்டதைவிடத் தெளிவான குரல்.

"ஏணியை நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்ட. தலையை உள்ள விட்டு அளந்தார். 'ஒரு செம்பு குறையுது, அந்தப் பிச்சைக்காரிக்குக் குடுத்தியா' எண்டு உள்ளுக்கிருந்தே கேட்டார். பெத்த மகளைத்தான் சொன்னார். அவரின்ர காலைத் தூக்கி உள்ள விட்டுட்டன்."

மற்றதையும் அவளே சொன்னாள். மூடியைத் திறந்தபடி விட்டு, தண்ணீரை வற்றவைத்து, திரும்பி வந்து கழுவ இறங்கிய மனுஷன் விழுந்துவிட்டார் என்று காட்டவேண்டும் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் அவர் கத்தத் தொடங்கியதும் மூடியைத் தாழ்த்தினாள்; தாழ்த்தினால், அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் அந்தப் பூட்டை அமுக்குவது இருபது வருஷப் பழக்கம். கை தன்பாட்டில் அமுக்கிவிட்டது. திறப்பு உள்ளே அவருடைய இடுப்பில். அந்த ஒரு அமுக்கல்தான் விபத்தைக் கொலையாக்கி, மருமகனைக் கூட்டில் போட்டது. வலைக்காரர்கள் சாட்சி சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தாளாம். விடாவிட்டால் காலையில் தானே பொலிசுக்கு வருவதாக இருந்தாளாம். குணரத்தினம் அதை நம்பினார்.

"கத்தினதைக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்களோ?"

"குசினியில இருந்தன். முதல்ல ஏசினார். பிறகு என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு ஒழுங்கை ஆக்கள்ற பேரெல்லாம் ஒவ்வொண்டாச் சொன்னார். 'ஜின் இல்ல, நான்தான்' எண்டார். அது குழாயால வரேக்க வெறும் முனகலாத்தான் வந்தது."

நஜ்முன் நிஸா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்று அவருடைய வாயிலிருந்து வந்த பெயர்களில் தன்னுடையதும் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குணரத்தினத்துக்கு ஒரு கேள்விதான் மிச்சம். அது பொலிஸ்காரனுடைய கேள்வியல்ல, குடித்தவனுடைய கேள்வி.

"பைப்பைத் திறந்து மணலில விட்டிருக்கலாமே. விடியுறதுக்குள்ள காய்ஞ்சிருக்கும். ஒரு சாட்சியும் இருந்திராது. ஏன் ஆக்களுக்குக் குடுத்தனீங்கள்?"

"திறந்து பார்த்தன் சேர்," என்றாள் பல்கீஸ். "மண்ணில விழுகிற சத்தத்தைக் கேக்க ஏலாமப் போச்சு. நல்ல தண்ணியை எப்படி மண்ணில ஊத்துற? எதிர்வீட்டுப் பிள்ளையள் எத்தின மாசமா வேலியால பார்த்துக்கொண்டு நிண்டதுகள். மூடிட்டுப்போய்க் கூப்பிட்டன். அல்லாஹ் என்னை மன்னிக்கமாட்டான்."

திரையை விலக்கிக்கொண்டு அவளே வெளியே வந்தாள். இத்தாவை முறித்து அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கிற வெட்கம் அந்த முகத்தில் இருந்தது; வேறு ஒன்றுக்கும் அவள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஜீப்பில் ஏறுமுன் மகளுக்கு ஒரு செய்தி சொல்லும்படி கேட்டாள். குணரத்தினம் தலையாட்டினார்.

பொழுதுபட அன்ஸாரைக் கொண்டுவந்து ஓலைவீட்டு வாசலில் இறக்கினார்கள். அவன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஸல்ஹாவிடம் நடந்ததைக் குணரத்தினம் சொல்லி முடித்தார். வீடும் தொட்டியும் இனி அவளுடையவை. ஊரில் யாரும் அந்தத் தொட்டிப் பக்கம் எட்டிப்பார்க்கப் போவதில்லை. ஒழுங்கையில் அப்போதே குடங்களை வாசலில் கவிழ்த்துக் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். சில வீடுகளில் குடத்தையும் உடைத்தார்கள்.

"உம்மா ஒண்டு சொல்லச் சொன்னவ," என்றார். "தொட்டியைச் சுண்ணாம்பு போட்டு ஏழு தரம் கழுவட்டாம். முதல் மழை கூரை கழுவத்தானாம், அதைப் பிடிக்காமல் பீலியை வெளிய திருப்பி விடட்டாம். ரெண்டாம் மழையைப் பிடிச்சுப் பிள்ளைக்குக் குடுக்கட்டாம்."

ஸல்ஹா நெடுநேரம் அழுதாள். உம்மாவுக்காகவா வாப்பாவுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. பிறகு புட்டியில் மிச்சமிருந்த உவர்ப்பாலை மணலில் ஊற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் மழையையும் விட்டிடுறன் சேர்," என்றாள். "மூண்டாவதைப் பிடிக்கிறன்."